இலக்குப் பலகை: புது பாயிண்ட் டூ டூ கைக்கு வந்துவிட்டது, அடுத்து?

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம். லைசென்ஸ் கிடைத்து, இறக்குமதி வேலைகள் முடிந்து, சொந்த பாயிண்ட் டூ டூ (.22 காலிபர்) ரைஃபிள் கைக்கு வந்தபின் அதை எப்படிப் பொருத்துவது, எப்படிச் சோதிப்பது என்று கேட்டிருக்கிறார்கள். பிஸ்டல் கேள்விகள் அடுத்த இதழுக்குப் போகட்டும். இந்த முறை முழுவதும் 50 மீட்டர் ரைஃபிளுக்கே.

மேடம், ஈரோட்டில் இன்ஜினீயரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். நான்கு வருடம் கிளப் ரைஃபிளில் சுட்டேன். ஒன்றரை வருடம் காத்திருந்து சொந்தமாக ஒன்று வந்திருக்கிறது. மர ஸ்டாக் (பேரலைத் தாங்கும் உடல்), டயாப்டர் சைட் (சிறு துளை வழியாகக் குறிபார்ப்பது). முதல் நாள் படுத்துச் சுட்டதில் பத்துத் தோட்டாவும் ஐந்து சென்டிமீட்டருக்குச் சிதறிவிட்டன. கிளப் ரைஃபிளில் இதில் பாதி கூட வராது. 'பேரல் சரியில்லை, திருப்பி அனுப்பு' என்கிறார் சீனியர் ஒருவர். அப்பா கடன் வாங்கிக் கொடுத்தது. இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை.

தம்பி, முதலில் நன்றாகத் தூங்குங்கள். அப்பாவிடம் இப்போதைக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம். புது ரைஃபிள் சிதறினால் நான் சந்தேகப்படும் வரிசை இது: ஸ்க்ரூ, சைட், சுடுகிறவர், தோட்டா. பேரல் கடைசியில்தான் வரும். உங்கள் சீனியர் கடைசியில் இருந்து ஆரம்பித்துவிட்டார்.

என் முதல் ரைஃபிள் 1997-இல் வந்தது. அதுவும் மர ஸ்டாக்தான். மூன்று மாதம் நன்றாக இருந்தது. கோடையில் திடீரென்று குரூப், அதாவது டார்கெட்டில் விழும் துளைகளின் கூட்டம், இரண்டாகப் பிரிந்தது. நாலு தோட்டா இங்கே, ஆறு தோட்டா அங்கே. இரண்டு மாதம் பேரலைத் திட்டினேன், தோட்டாவை மாற்றினேன், சைட்டைக் கழற்றி மாட்டினேன். கடைசியில் என் பயிற்சியாளர் ரைஃபிளைக் காலி என்று உறுதி செய்துகொண்டு மடியில் வைத்தார். ஸ்டாக்கின் முன்முனையும் பேரலும் அருகருகே வரும் இடத்தில் என் விரலை வைக்கச் சொன்னார். ஆலன் கீயால் ஆக்‌ஷன் ஸ்க்ரூவை (போல்ட் இயங்கும் பாகத்தை ஸ்டாக்கோடு பிணைக்கும் திருகு) லேசாகத் தளர்த்தி, மறுபடி இறுக்கினார். விரலுக்கடியில் பேரல் எழுந்து அமர்வது தெரிந்தது. மழைக்காலத்தில் ஈரம் குடித்த மரம் கோடையில் சுருங்கி, ஸ்க்ரூ பிடிப்பு விட்டுப்போயிருந்தது. அந்த இரண்டு மாதத்தில் நான் வீணாக்கிய தோட்டாக்களை நினைத்தால் இன்றும் மனசு வலிக்கிறது. அதனால்தான் உங்களுக்கு விரிவாக எழுதுகிறேன்.

போல்ட்டை, அதாவது தோட்டாவை உள்ளே தள்ளி மூடும் பாகத்தை, கழற்றுங்கள். அறையில் யாரும் காணக்கூடிய இடத்தில் தோட்டா இருக்கக் கூடாது. ஆக்‌ஷன் ஸ்க்ரூ இரண்டையும் தளர்த்தி, ரைஃபிளை நிமிர்த்திப் பிடித்து ஆக்‌ஷனை ஸ்டாக்கில் நன்றாக அமரவிட்டு, முன் ஸ்க்ரூவை முதலிலும் பின் ஸ்க்ரூவை அடுத்தும் இறுக்குங்கள். இறுக்கும் அளவைக் கை சொல்லக் கூடாது, டார்க் ரெஞ்ச் சொல்ல வேண்டும். உங்கள் கையேட்டில் எத்தனை நியூட்டன் மீட்டர் என்று போட்டிருக்கிறதோ அதுதான் அளவு. என் ரைஃபிளுக்கு 5. அந்த எண்ணை நோட்டில் எழுதி வையுங்கள். அப்புறம் ஒரு பத்து ரூபாய்த் தாளைப் பேரலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவில் நுழைத்து, ஆக்‌ஷன் வரை இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் போக வேண்டும். எங்கேயாவது சிக்கினால் அங்கே மரம் பேரலைத் தொடுகிறது. சூடேறச் சூடேற அந்த இடம் பேரலைத் தள்ளும்.

அடுத்தது சைட். முன் சைட்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், பின் சைட்டையும் பாருங்கள். அசைவு கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். சைட்டின் அடிப்பகுதி ரைஃபிளின் தண்டவாளத்தில் அமரும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் துடைத்துவிட்டு மாட்டுங்கள்.

முன் சைட் வளையத்தின் அளவையும் கொஞ்சம் கவனியுங்கள். 50 மீட்டர் டார்கெட்டின் கறுப்பு வட்டம் 112.4 மில்லிமீட்டர். உங்கள் கண்ணிலிருந்து 90 சென்டிமீட்டர் தள்ளி முன் சைட் இருந்தால், அந்த வட்டம் அங்கே 2 மில்லிமீட்டர் அளவில்தான் தெரியும். வளையம் 2.6, 2.8 என்று நெருக்கமாக இருந்தால் கறுப்பைச் சுற்றி வெள்ளை மெல்லிய கோடாகிவிடும். கண் திணறும், நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பீர்கள். 3.4-க்கு மேல் ஆரம்பியுங்கள். வெள்ளை தாராளமாகத் தெரிந்தால் மையம் தப்புவது உடனே புலப்படும்.

புதுப் பேரலுக்குள் தொழிற்சாலையில் தடவிய எண்ணெய் இருக்கும். உலர்ந்த துணித் துண்டை அல்லது ஃபெல்ட்டைப் பின்பக்கமிருந்து தள்ளி, சுத்தமாக வரும்வரை துடைத்துவிடுங்கள். முதல் நாள் இதைச் செய்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. செய்யவில்லை என்றால் உங்கள் ஐந்து சென்டிமீட்டரில் ஒரு பங்கு அங்கேயே போயிருக்கும்.

இப்போது ரேஞ்ச். போல்ட் இல்லாமல் ரைஃபிளை மேசையில் மணல் பைமீது வைத்து, பின்னாலிருந்து பேரல் வழியாகப் பாருங்கள். கறுப்பு வட்டம் பேரலின் நடுவில் தெரியும்படி ரைஃபிளை அசையாமல் நிறுத்திவிட்டு, சைட்டை அதே வட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரு தோட்டா கூடச் செலவில்லாமல் முதல் குண்டு காகிதத்தில் விழும்.

மணல் பைக்கு நான் பழைய ஜீன்ஸ் காலைத்தான் வெட்டித் தைத்து வைத்திருக்கிறேன். முன்னால் பெரியது ஒன்று, பட்டுக்கு (தோளில் பதியும் பின்முனை) அடியில் சின்னது ஒன்று. முன் பை ஸ்டாக்கைத் தாங்க வேண்டும், பேரலைத் தொடவே கூடாது. ஸ்டாக்கில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு முறையும் அதே இடம் பையில் அமரும்படி வையுங்கள். ரைஃபிளைச் சோதிக்கும்போது கையில் மாட்டும் ஸ்லிங் வார், ஜாக்கெட் எதுவும் வேண்டாம். படுத்துச் சுட்டால் ரைஃபிளையும் உங்களையும் சேர்த்துத்தான் சோதிக்கிறீர்கள், யார் தவறு என்று தெரியாது. பட் நீளம் மாறி, கன்னம் வைக்கும் பலகை மாறி, உடம்புக்குப் புதிதான ஒரு ரைஃபிளில் முதல் நாளே ப்ரோன் (படுத்து) சுட்டுவிட்டு ஐந்து சென்டிமீட்டர் என்றால், எனக்கு அது பெரிய அதிர்ச்சியாகவே தோன்றவில்லை.

துடைத்த பேரலில் முதல் பத்து, பதினைந்து தோட்டாவைக் கணக்கில் எடுக்காதீர்கள். பாயிண்ட் டூ டூ குண்டின் மேல் மெழுகோ கொழுப்போ பூசியிருக்கும். அது பேரல் முழுக்க ஒரு சீராகப் படிய வேண்டும். தோட்டா வகையை மாற்றினால் மறுபடி அதே பத்து, பதினைந்து. பிறகு இரண்டு டார்கெட்டில் பத்துப் பத்தாகச் சுடுங்கள். குண்டு மையத்தில் விழவில்லையே என்று நடுவில் சைட்டைத் திருப்பும் கிளிக்கைத் தொடக் கூடாது. ஓரமாக விழுந்தாலும் எல்லாம் ஒன்றாக விழுகிறதா என்பதைத்தான் இப்போது பார்க்கிறோம்.

எவ்வளவு வந்தால் நல்லது? டார்கெட்டே அதைச் சொல்லும். பத்தாம் வட்டம் 10.4 மில்லிமீட்டர், குண்டு 5.6. கோட்டைத் தொட்டாலே பத்து என்பதால், குண்டின் மையம் டார்கெட் மையத்திலிருந்து 8 மில்லிமீட்டர் வரை விலகினாலும் பத்துதான். குண்டுகளின் மையம் எல்லாம் 16 மில்லிமீட்டர் அகல வட்டத்துக்குள் விழுந்து, அந்த வட்டத்தை நீங்கள் மையத்துக்குக் கொண்டுவந்துவிட்டால், ரைஃபிளால் ஒரு பாயிண்ட் கூடப் போகாது. மணல் பைமீது பத்து பத்தாக அந்த எல்லைக்குள் வருகிறதென்றால் உங்கள் அப்பாவின் பணம் பத்திரமாக இருக்கிறது.

வரவில்லை என்றால் தோட்டாவை மாற்றுங்கள். குறைந்தது மூன்று வகை. ஒரு நாளில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஸ்க்ரூவையும் தோட்டாவையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலன் தந்தது என்று உங்களுக்கே தெரியாது. மூன்றிலும் சிதறினால், பேரல் வாயைச் சுற்றி ஒரு பஞ்சு முனையால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். நூல் பிடித்தால் அங்கே சிராய்ப்பு இருக்கிறது. மேட்ச் (போட்டி) ரைஃபிள்களில் பெரும்பாலும் பெட்டிக்குள் தொழிற்சாலையில் சுட்ட டார்கெட் ஒன்று இருக்கும். அதையும் உங்கள் நோட்டையும் எடுத்துக்கொண்டு அப்போது விற்றவரிடம் போங்கள். 'சரியில்லை' என்று வாயால் சொல்வதைவிட அறுபது துளை உள்ள காகிதம் அங்கே நன்றாகப் பேசும்.

புது ரைஃபிளைச் சோதிக்க எங்கள் தோட்டத்திலேயே 50 மீட்டர் அளந்து, பின்னால் மண்மேடு போட்டுக்கொள்ளலாமா? – ஒரு வாசகர், பொள்ளாச்சி பக்கம்

வேண்டவே வேண்டாம். 2.6 கிராம் ஈயம்தானே என்று நினைக்காதீர்கள். மேடு தப்பிய குண்டு ஒரு கிலோமீட்டருக்கு மேலும் போகும், கல்லில் பட்டால் எந்தத் திசைக்கும் திரும்பும். தேங்காய் பொறுக்குகிறவர்களும் ஆடு மேய்க்கிறவர்களும் நடமாடும் இடம் அது. உங்கள் ரைஃபிள் 1959 ஆயுதச் சட்டத்தின்படி லைசென்ஸில் இருப்பது. அனுமதி பெற்ற ரேஞ்சில் மட்டும் சுடுங்கள்.

மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். நாகர்கோவில். மூன்று தோட்டாக்களில் 12 மில்லிமீட்டர் குரூப் கிடைத்தது. அதே ரைஃபிளில் பத்து சுட்டால் 19 வருகிறது. சூடேறினால் ரைஃபிள் கெடுகிறதா?

இல்லை ஐயா. உங்கள் ரைஃபிள் அப்படியேதான் இருக்கிறது. நீங்கள் எண்ணிய தோட்டாக்கள்தான் கூடியிருக்கின்றன.

குரூப்பின் அகலம் என்பது மிகத் தள்ளி விழுந்த இரண்டு துளைகளுக்கு இடையே உள்ள தூரம். அதிகம் சுடச் சுட, தள்ளி விழும் வாய்ப்பும் கூடும். ஒரே ரைஃபிள், ஒரே தோட்டா என்றால், மூன்று தோட்டாவில் சராசரி 12 மில்லிமீட்டர் வருமானால் ஐந்தில் சுமார் 15, பத்தில் சுமார் 19 வரும் என்பது புள்ளியியல் கணக்கு. உங்கள் எண்கள் அந்தக் கணக்கில் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன. நீங்கள் நேர்மையாக அளந்திருக்கிறீர்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மூன்று தோட்டா குரூப் எட்டு சுட்டு, அதில் சிறந்ததைப் பர்ஸில் வைத்துக்கொள்கிறவர்களை எல்லா ரேஞ்சிலும் பார்க்கலாம். அந்தக் காகிதம் ரைஃபிளைப் பற்றி எதுவும் சொல்லாது. அதே 24 தோட்டாவை ஒரே படமாகப் பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும். நான் செய்வது இது: பத்து பத்தாக நான்கு டார்கெட் சுட்டு, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளை ஒவ்வொன்றின்மேலும் வைத்து, ஒரே மையத்தைப் பிடித்து மார்க்கரால் துளைகளைப் புள்ளியாக வைப்பேன். நான்கும் ஒரே தாளில் சேர்ந்துவிடும். நாற்பது புள்ளி. மேலிருந்து கீழாக நீண்டிருக்கிறதா, பக்கவாட்டில் நீண்டிருக்கிறதா, இரண்டு கூட்டமாகப் பிரிந்திருக்கிறதா என்று அந்தத் தாள் காட்டும். நெடுக்கில் நீண்டால் எனக்குத் தோட்டாவின் வேகத்தில் சந்தேகம். குறுக்கில் நீண்டால் காற்று. இரண்டு கூட்டம் என்றால் ஸ்க்ரூ, அல்லது ஏதோ ஒன்று ஆடுகிறது.

அளக்கும்போது ஒரு சின்னக் குறிப்பு. காகிதத்தில் துளை குண்டைவிடச் சிறிதாகத் தெரியும், ஓரம் கிழிந்து மூடிக்கொள்ளும். துளையின் ஓரத்தைச் சுற்றித் தெரியும் கறுப்பு வளையத்தின் வெளி விளிம்பிலிருந்து, மிகத் தள்ளி விழுந்த மற்றத் துளையின் வெளி விளிம்பு வரை அளந்து, 5.6 கழித்துவிடுங்கள்.

என் மகள் பதினொன்றாம் வகுப்பு. சென்னையில் சுடுகிறாள். மூன்று நிலைப் போட்டியில் (முழங்காலிட்டு, படுத்து, நின்று சுடுவது) 560 பக்கம் வருகிறது. புது ரைஃபிளுக்கு விலை உயர்ந்த தோட்டா மட்டும்தான் போட வேண்டும் என்கிறார்கள். சிலர் ஜெர்மனிக்கே ரைஃபிளைக் கொண்டுபோய்த் தோட்டா தேர்ந்தெடுக்கிறார்களாமே? எங்களால் அவ்வளவு முடியாது மேடம். அவள் பின்தங்கிவிடுவாளா?

பின்தங்க மாட்டாள் அம்மா. இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும்.

நம் பாயிண்ட் டூ டூ போன்ற ரிம்ஃபயர் தோட்டாவை நாம் வீட்டில் தயாரிக்க முடியாது. அடித்தட்டின் விளிம்புக்குள் வெடிபொருளைச் செலுத்தி, ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத வெடிமருந்தை நிரப்பி, குண்டை வைத்து மூடுவது எல்லாம் தொழிற்சாலையில்தான். பெரிய காலிபர் ரைஃபிள்காரர்கள் மருந்தை அளந்து தங்கள் பேரலுக்கேற்பத் தாங்களே செய்துகொள்வார்கள். நமக்கு இருக்கும் ஒரே வழி, வந்ததில் நல்லதைத் தேர்ந்தெடுப்பது. அதுவும் பெயரை வைத்து முடியாது, பெட்டியில் அச்சிட்ட லாட் எண்ணை (ஒரே தடவையில் தயாரான தொகுதியின் எண்) வைத்துத்தான். ஒரே கம்பெனி, ஒரே நிறப் பெட்டி, ஒரே விலை. லாட் எண் வேறானால் வேறு தோட்டா என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு கவலை? இந்தத் தோட்டாவின் வேகம் வினாடிக்குச் சுமார் 325 மீட்டர். 50 மீட்டரைக் கடக்க 0.16 வினாடி ஆகும். அந்த நேரத்தில் குண்டு புவியீர்ப்பால் 12 சென்டிமீட்டர் இறங்குகிறது. ஒரு தோட்டா மற்றொன்றைவிட வினாடிக்கு 10 மீட்டர் மெதுவாகப் போனால், அது 7, 8 மில்லிமீட்டர் கூடுதலாகக் கீழே விழும். மையத்தைக் குறிவைத்த ஒரு நல்ல பத்து, அந்த வித்தியாசத்திலேயே கோட்டின் ஓரத்துக்குப் போய்விடும். அதனால்தான் தோட்டாக் கம்பெனிகளான லாபுவா ஜெர்மனியில் ஷோனெபெக்கிலும், ஈலி இங்கிலாந்தில் பர்மிங்காமிலும் சோதனை ரேஞ்ச் வைத்திருக்கிறார்கள். ரைஃபிளைத் தாங்கியில் பிடித்து, லாட் லாட்டாகச் சுட்டுக் காட்டுவார்கள். ஜெர்மனியின் ஸூல் நகரில் ஜூனியர் உலகக் கோப்பைக்குப் போகிற பிள்ளைகள் போகிற வழியில் பார்த்துக்கொள்ளலாம். அதற்காகவே டிக்கெட் எடுத்துப் போக வேண்டிய கட்டத்தில் உங்கள் மகள் இல்லை.

கணக்கைப் பாருங்கள். 60 தோட்டாவுக்கு 600. அவள் 560 என்றால் 40 பாயிண்ட் போகிறது. அதில் ப்ரோனில் போவது எத்தனை, நின்று சுடும்போது போவது எத்தனை என்று அவள் நோட்டைப் பாருங்கள். பெரும்பகுதி நிற்பதில்தான் இருக்கும். நிற்கும்போது ரைஃபிள் ஆடும் அளவின் முன்னால் தோட்டாவின் சிதறல் ஒன்றுமே இல்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கோலாப்பூர் பக்கத்து ஸ்வப்னில் குசாலே இதே மூன்று நிலைப் போட்டியில் தகுதிச் சுற்றில் 590 எடுத்து ஏழாவதாக உள்ளே போய், வெண்கலம் வாங்கினார். 590 எடுக்கிறவருக்கு லாட் தேர்வு உயிர்நாடி. 560-க்கு, அதே பணத்தில் கிடைக்கும் கூடுதல் பயிற்சித் தோட்டாதான் உயிர்நாடி. நடுத்தர விலையில் நல்ல ஒரு லாட் கண்டுபிடித்து, அதையே மொத்தமாக வாங்கிப் பயிற்சிக்கும் போட்டிக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஒரு லாட்டைக் கண்டுபிடிப்பதை ரேஞ்சிலேயே செய்யலாம். என்னிடம் பயிலும் ஒரு பெண்ணுக்குப் போன தை மாதம் இப்படிச் செய்தோம். நான்கு லாட், ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டி. அவளுடைய அம்மா நான்கு எவர்சில்வர் டம்ளரில் தோட்டாக்களைப் போட்டு, அடியில் ஒட்டிய சீட்டில் லாட் எண்ணை எழுதிவிட்டு, டம்ளரைக் கொடுத்துக்கொண்டே இருந்தார். சுடுகிறவளுக்கு எது எதுவென்று தெரியாது. பேரல் பழக ஒவ்வொரு டம்ளரிலும் முதல் 10 தோட்டா. பிறகு பத்து பத்தாக இரண்டு டார்கெட். ஒரு வாரம் கழித்து மிச்சமிருந்த இருபதையும் டம்ளர் வரிசையை மாற்றி அதே மாதிரி. இரண்டு நாளும் முதலில் வந்தது விலையில் மூன்றாவது இடத்தில் இருந்த பெட்டி. விலை அதிகமானது இரண்டாவது வந்தது. அவளுக்குத் தெரிந்து சுட்டிருந்தால் விலை அதிகமான பெட்டிக்கு மூச்சைக் கூடுதலாக அடக்கியிருப்பாள். எந்தப் பிள்ளையும் அப்படித்தான் செய்யும், நானும் செய்திருக்கிறேன். உங்கள் மகளுக்கு நீங்களே டம்ளர் பிடியுங்கள். அவளுக்கு அது பிடிக்கும்.

கோவையில் சுடுகிறோம். ஆனி, ஆடியில் எந்தச் சோதனையும் நிலைக்கவில்லை. காலையில் 15 மில்லிமீட்டர், பதினோரு மணிக்கு 35. கூரை இல்லாத ரேஞ்ச்.

பாலக்காட்டுக் கணவாய்க்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டு ஆடிக் காற்றில் புது ரைஃபிளைச் சோதிக்காதீர்கள்! எனக்கும் அதே ரேஞ்ச் காற்றுதான், நன்றாகத் தெரியும்.

பக்கவாட்டில் வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், சாதாரண மேட்ச் தோட்டாவின் குண்டு 50 மீட்டரில் 5 மில்லிமீட்டர் போல நகரும். வேட்டி நுனி லேசாகப் படபடக்கும் காற்று 4 மீட்டர் இருக்கும். அதில் 2 சென்டிமீட்டர். ஒன்பதாம் வட்டத்தையும் தாண்டிவிடும். பதினோரு மணிக்கு உங்கள் ரைஃபிள் கெட்டுப்போகவில்லை, மலை இடைவெளியில் காற்று கிளம்பிவிட்டது.

சோதனையை விடிந்தவுடன் வையுங்கள். ஆறு மணியில் இருந்து எட்டு வரை எனக்குப் போதுமான அமைதி கிடைத்திருக்கிறது. 10 மீட்டரிலும் 30 மீட்டரிலும் ஒவ்வொரு துணிநாடாவைக் கட்டுங்கள். சர்வதேசப் போட்டி ரேஞ்சிலும் கொடி அந்தத் தூரங்களில்தான் நிற்கும். பருத்தித் துணியைவிட மெல்லிய செயற்கைத் துணி நல்லது, பனியில் கனக்காது. இரண்டு நாடாவும் தொங்கும்போது மட்டும் சுடுங்கள். ஒன்று தொங்கி ஒன்று ஆடினால் காத்திருங்கள். துப்பாக்கி வாய்க்கு அருகில் அடிக்கும் காற்று குண்டைத் திருப்பினால், அந்தத் திருப்பம் மிச்சத் தூரம் முழுவதும் வளரும். அதனால் 10 மீட்டர் நாடாவுக்குத்தான் முதல் மரியாதை.

புரட்டாசிக்குள் காற்று தணிந்துவிடும். அவசரம் இல்லையென்றால் அதுவரை ஸ்டாக், பட், கன்னப்பலகை எல்லாவற்றையும் உடம்புக்குப் பொருத்துங்கள். கண்ணை மூடிக்கொண்டு தலையைக் கன்னப்பலகையில் விட்டு, திறந்தால் சைட் நேராகக் கண்முன் இருக்க வேண்டும். அது வரும்வரை பலகையை மாற்றிக்கொண்டே இருங்கள். வீட்டுக் கூடத்திலேயே செய்யலாம்.

வேகமான தோட்டா சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடும், காற்று குறைவாகத்தானே தள்ளும்?

நியாயமான யோசனைதான், ஆனால் பாயிண்ட் டூ டூவில் நேர் எதிர். வேகத் தோட்டா ஒலியின் வேகத்தைத் தாண்டிப் புறப்பட்டு, கொஞ்ச தூரத்திலேயே காற்றின் எதிர்ப்பில் வேகத்தை வெகுவாக இழக்கிறது. அந்த இழப்பு எவ்வளவோ அவ்வளவுக்குப் பக்கக் காற்று தள்ளும். ஒலிக்குக் கீழேயே புறப்படும் மேட்ச் தோட்டா அமைதியாகப் போகிறது, குறைவாகவே விலகுகிறது. மேட்ச் தோட்டாவையே போடுங்கள்.

ஒவ்வொரு நாளும் சுட்டு முடித்ததும் பித்தளைப் பிரஷ் போட்டு நன்றாகத் தேய்த்துவிடுகிறேன். புதுப் பேரலுக்கு நல்லதுதானே? – ஒரு வாசகி, திருச்சி

உங்கள் அக்கறை புரிகிறது, ஆனால் பிரஷ்ஷை உள்ளே வையுங்கள். ஈயக் குண்டும் மெழுகும் பேரலைத் தேய்ப்பதில்லை. தப்பாகத் தள்ளிய கம்பி தேய்க்கும். ஒரு கிளப்பில் நல்ல ரைஃபிள் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். பல வருடம் பிள்ளைகள் வாய்ப்பக்கமிருந்து இரும்புக் கம்பியை விட்டுத் துடைத்ததில், வாய் விளிம்பு ஒரு பக்கம் வழுவழுப்பாகிப் போயிருந்தது. எந்தத் தோட்டாவுக்கும் அது கூடவில்லை. குண்டு கடைசியாகத் தொடுகிற இடம் அந்த விளிம்பு. அங்கே ஒரு பக்கம் முன்னதாக வாயு வெளியேறினால் குண்டு சாய்ந்துதான் கிளம்பும்.

எப்போதும் பின்பக்கமிருந்து, வழிகாட்டிக் குழாய் மாட்டி, பிளாஸ்டிக் உறை போட்ட கம்பியால் தள்ளுங்கள். இரண்டு மூன்று ஃபெல்ட் போதும். தோட்டா அறையைத் தாண்டியதும் வரும் இடத்தில் மட்டும் கரி வளையமாகக் கெட்டிப்படும், தோட்டா உள்ளே போகும்போது இறுக்கமாகத் தெரிய ஆரம்பிக்கும். அப்போது கரைப்பானில் நனைத்த ஃபெல்ட்டை அங்கே சற்று நேரம் ஊறவைத்துத் துடையுங்கள். கடற்கரை ஊர்க்காரர்கள் வெளிப்புறத்துக்கு எண்ணெய்த் துணியைத் தினமும் காட்ட வேண்டும்.

எத்தனை தோட்டாவுக்கு ஒரு முறை துடைப்பது என்பதையும் உங்கள் நோட்டே சொல்லும். ஒவ்வொரு நாளும் முதல் குரூப்பையும் கடைசி குரூப்பையும் அளந்து, கடைசியாகத் துடைத்தபின் எத்தனை தோட்டா சுட்டீர்கள் என்று பக்கத்தில் எழுதுங்கள். என் ரைஃபிளில் 300 தாண்டினால் நெடுக்கு நீளத் தொடங்கும். உங்களுடையது வேறாக இருக்கும்.

தோட்டா இல்லாமல் வீட்டில் ட்ரிகர் பயிற்சி செய்தால் புது ரைஃபிளுக்குக் கேடா?

ரிம்ஃபயரில் அடிக்கும் ஊசி தோட்டாவின் விளிம்பைத் தட்டுகிறது. தோட்டா இல்லாவிட்டால் சில ரைஃபிள்களில் அது பேரலின் பின் விளிம்பிலேயே இடித்து மேடு எழுப்பிவிடும். அப்புறம் தோட்டா சரியாக உட்காராது. கையேட்டில் அனுமதி இருந்தால் செய்யுங்கள், இல்லையென்றால் அதற்கென்றே விற்கும் பிளாஸ்டிக் போலித் தோட்டாவைப் போட்டுக்கொள்ளுங்கள். சுட்ட வெற்று உறையும் உதவும், ஆனால் ஒவ்வொரு முறையும் திருப்பிப் போட வேண்டும், ஒரே இடத்தில் அடிபடக் கூடாது. பயிற்சிக்கு முன் போல்ட்டைத் திறந்து விரலால் தொட்டுப் பாருங்கள். உண்மைத் தோட்டா அடுத்த அறையில், பூட்டிய பெட்டியில் இருக்கட்டும்.